கொம்பு முட்டும் குடும்பம்!

கல்யாணமான புதிதில் சண்டை வந்தால், "போகப் போக எல்லாம் சரியாகிவிடும்" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள். லிராய் - லொரெட்டா தம்பதி விஷயத்தில் மட்டும் அந்த ஆறுதல் பலிக்கவே இல்லை. 1968-ல் ஆரம்பித்த சண்டை, அரை நூற்றாண்டு தாண்டியும் ஓயவில்லை!

பதற வேண்டாம். இருவரும் அமெரிக்கச் செய்தித்தாள்களில் வரும் 'தி லாக்ஹார்ன்ஸ்' கார்ட்டூனின் நாயகனும் நாயகியும். இரண்டு கிடாக்கள் கொம்போடு கொம்பு மாட்டிக்கொண்டு மல்லுக்கு நிற்பதைத்தான் ஆங்கிலத்தில் 'லாக் ஹார்ன்ஸ்' என்பார்கள். அதையே இவர்களுக்குக் குடும்பப் பெயராக வைத்துவிட்டார், இவர்களைப் படைத்த பில் ஹோஸ்ட். நம்மூர் ஜோசியராக இருந்தால், பெயரைக் கேட்டதுமே ஜாதகத்தை மூடி வைத்திருப்பார்!

நியூயார்க் பக்கத்தில் லெவிட்டவுன் என்றொரு ஊர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், ஒரே அச்சில் வார்த்தது போல வரிசையாக வீடுகள் கட்டப்பட்ட இடம். 'லெவிட்டவுன் லாக்ஹார்ன்ஸ்' என்றுதான் கார்ட்டூனுக்கு முதலில் பெயர். வீடுகள்தான் ஒரே மாதிரி; உள்ளே இருப்பவர்கள் எதிரும் புதிரும்.

ஒரே ஒரு கட்டம், கீழே ஒரு வரி வசனம். அதற்குள் ஒரு முழுச் சண்டை அடங்கிவிடும். லொரெட்டா சமைத்தால் லிராய்க்கு வயிறு கலங்கும். கார் ஓட்டினால் எங்கேயாவது நசுங்கும். லிராய் மட்டும் என்ன, சொக்கத்தங்கமா? விருந்துக்குப் போனால் கையில் கோப்பை, எதிரில் ஓர் இளம்பெண். மாமியார் வருகிறார் என்றால் முகம் இரண்டு அங்குலம் கீழே தொங்கும்.

இவ்வளவு நடந்தும் முகத்தில் ஆவேசமே தெரியாது. பாதி மூடிய கண்களோடு இருவரும் குட்டையாக நிற்பார்கள். டாக்டர் புல்மேன் என்ற திருமண ஆலோசகரிடமும் போகிறார்கள். அவர் முன்னாலும் அதே கச்சேரிதான். இவர்கள் சமாதானமாகிவிட்டால் அந்த டாக்டருக்கு ஒரு நிரந்தர வருமானம் போய்விடும்!

தம்பதி சண்டை கார்ட்டூன் என்றால் இன்னொரு ஜோடியும் பிரபலம். இங்கிலாந்தின் 'டெய்லி மிரர்' நாளிதழில் 1957-ல் அறிமுகமான ஆண்டி கேப்பும் அவர் மனைவி ஃப்ளோவும். ஆரம்ப காலத்தில் ஆண்டி மனைவியை அடிப்பதுகூட அதில் நகைச்சுவையாக வந்தது. காலம் மாற, அந்தக் காட்சிகள் நின்றுபோயின. இன்று பார்த்தால் சிரிப்பு வராது. அடி வாங்குபவர் அந்த ஜோக்குக்கு எப்படிச் சிரிப்பார்?

லாக்ஹார்ன் வீட்டில் கை நீள்வதில்லை, வாய் மட்டும்தான். அதிலும் கணக்கு சமம். இன்று லிராய் குத்தினால், நாளை லொரெட்டா திருப்பித் தருவார். நம் வாட்ஸ்அப் 'மனைவி ஜோக்'குகளில் எப்போதும் கணவர் மட்டுமே பேசுவார். மனைவி பதில் சொல்வதற்குள் ஜோக் முடிந்துவிடும். லொரெட்டாவிடம் அது நடக்காது!

இந்தக் கதையில் ஒரு நிஜ ஜோடியும் உண்டு. பில் ஹோஸ்டின் மனைவி பெயர் பன்னி. கணவரோடு சேர்ந்து வேலை பார்த்தவர். 1988-ல் பில் இறந்துபோனார். கார்ட்டூன் நிற்கவில்லை. ஜான் ரெய்னர் படம் வரைய, வசனங்களைப் பன்னி எழுதினார்.  லிராயும் லொரெட்டாவும் மாற்றி மாற்றிப் பேச வேண்டியதை எழுதிக்கொண்டே இருந்தார், பல பத்தாண்டுகளுக்கு.

அதை மனதில் வைத்துக்கொண்டு கார்ட்டூனைப் பார்த்தால் இன்னொரு விஷயம் கண்ணில் படும். எவ்வளவு குத்திக்கொண்டாலும், மறுநாள் கட்டத்திலும் இருவரும் இருக்கிறார்கள். அதே சோபா, அதே சாப்பாட்டு மேஜை.

இன்று காலை உங்கள் வீட்டில் "காபியில் சர்க்கரை கம்மி" என்று ஒரு குரல் கேட்டதா? உடனே சீற வேண்டாம். இதற்கு லொரெட்டா என்ன பதில் சொல்லியிருப்பார் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். சிரிப்பு வந்துவிட்டால், சர்க்கரை டப்பாவை நகர்த்தி வைப்பது சுலபம்!