கூட்டுறவுக் கடன் பேரேடு யாருடைய கையில்?

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் தன் உறுப்பினரைப் பற்றி அறிந்து வைத்திருப்பது சிறிதன்று. ஆதார் எண், குடும்ப அட்டை, நிலத்தின் புல எண், அடகு வைத்த நகையின் எடை, தவணை தவறிய நாள், சாதி எல்லாம் ஓரிடத்தில் இருக்கின்றன. இத்தகவல் கசிவதைப் பற்றிப் பேசும்போது, எங்கோ அமர்ந்து கணினிக்குள் நுழையும் திருடனையே பலரும் கற்பனை செய்கின்றனர். சேரியில் வாழும் உறுப்பினருக்கு ஆபத்து அவ்வளவு தொலைவிலிருந்து வருவதில்லை. சங்கத்தின் மேசையில் இருப்பவரும் வயலில் கூலி தருபவரும் ஒரே தெருவினராக இருக்கும் ஊரில், ஒரு தலித் பெண்ணின் நகை ஏலத்துக்கு வரவிருக்கிறது என்ற செய்தி தேநீர்க் கடையை எட்டினால், கூலி உயர்வு கேட்கும் அவரது வாயை அடைக்க அதுவே போதும்.

இந்த ஆபத்தைச் சட்ட வரைவுகள் ஒருகாலத்தில் அறிந்திருந்தன. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவின் 2018 வரைவும் 2019 மசோதாவும் நிதித் தகவலையும் சாதியையும் கூடுதல் பாதுகாப்புக்குரிய தரவுகளாக வகைப்படுத்தின. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த வகைப்பாடே இல்லை. தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அப்பணம் இந்தியத் தொகுப்பு நிதிக்குச் செல்லும், பாதிக்கப்பட்டவருக்கு அல்ல. இழப்பீடு கோர வழிவகுத்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இச்சட்டம் நீக்குகிறது. (மானம் போனது கடன்பட்டவருக்கு, பணம் அரசுக்கு!) கையால் எழுதிய பேரேடு இதன் வரம்புக்குள் வராது; கணினியில் ஏற்றப்பட்டால்தான் வரும். 63,000 சங்கங்களைக் கணினிமயமாக்க ஒன்றிய அரசு 2022-இல் ஒப்புதல் அளித்ததால், அந்த ஏற்றம் இப்போது நடந்துகொண்டிருக்கிறது.

அந்தரங்கம் என்ற சொல்லைச் சங்க நிர்வாகமும் கேடயமாக்கிக்கொள்ள முடியும் என்பதை நாம் மறக்கலாகாது. உறுப்பினர் அறியாமலே அவர் பெயரில் கடன் எழுதப்பட்டிருந்தால், அதை வெளிக்கொணரத் தகவல் வேண்டும். கேரளத்தின் தலப்பலம் கூட்டுறவு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் இரண்டையும் பிரித்துப் பார்த்தது. அரசின் கணிசமான நிதியோ ஆழமான கட்டுப்பாடோ இல்லாத சங்கம் தகவல் உரிமைச் சட்டத்தின்படி பொது அதிகார அமைப்பாகாது. ஆனால் கூட்டுறவுப் பதிவாளர் அத்தகைய அமைப்பே. சட்டப்படி சங்கத்திடமிருந்து பெறத்தக்க தகவலை அவர் பெற்றுத் தர வேண்டும். பிறருடைய கணக்கு விவரத்தைப் பெரும் பொதுநலன் இன்றி வெளியிட வேண்டியதில்லை.

இந்தச் சமநிலையைத்தான் 2025 நவம்பர் குலைத்தது. தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவிலிருந்த பொதுநலன் விதிவிலக்கை நீக்கும் திருத்தம் உடனே நடைமுறைக்கு வந்தது. தன் தரவு யாரிடமெல்லாம் பகிரப்பட்டது எனக் கேட்கும் குடிமக்களின் உரிமைக்கோ 18 மாதக் காத்திருப்பு! ஆயினும் 8(2) பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது. பொதுநலன் மேலோங்கினால் தகவல் தரலாம் என்பது அதன் பொருள். தன் கணக்கைத் தானே கேட்பவரிடம் அந்தரங்கத்தைக் காரணம் காட்டுவதும் பொருந்தாது என்பதே நம் நிலைப்பாடு.

மனு எழுத உதவும் மாணவத் தோழர்கள் சரகத் துணைப் பதிவாளரின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதட்டும். உறுப்பினரின் பெயரில் உள்ள கடன்கள், வழங்கிய நாள், பணம் சென்ற கணக்கு, பிணை நின்றவராகக் காட்டப்பட்டிருப்பவர், அந்த விவரம் அனுப்பப்பட்ட அலுவலகங்கள் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மனுவில் உறுப்பினரே கையொப்பமிட வேண்டும். அவருடைய ஆதார் நகலை வாட்ஸ்அப் குழுவில் பகிர வேண்டாம்.