ஓடாத வண்டி வண்டியல்ல

"இந்தக் காரில் ஆபீஸுக்குப் போவீர்களா?" இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் கேட்ட முதல் கேள்வியே இதுதான். போவேன் என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு பொறுமையாக விளக்கினார். பழைய கார்களுக்கென்று தனி பாலிசி உண்டு. பிரீமியம் குறைவு. கார் நொறுங்கிப்போனால் முன்பே பேசிவைத்த தொகை முழுசாகக் கையில் வரும். நிபந்தனை ஒன்றுதான்: தினமும் ஓட்டக்கூடாது. கண்காட்சிக்குக் கொண்டுபோகலாம், ஞாயிற்றுக்கிழமை ஒரு ரவுண்டு போய்வரலாம். வேலைக்குப் போக வேறு கார் இருந்தாக வேண்டும்.

அதாவது காரைக் காராகப் பயன்படுத்தாவிட்டால் சலுகை, பயன்படுத்தினால் தண்டம்.

ஏஜெண்ட் மீது எனக்குக் கோபமில்லை, அவர் தன் வேலையைச் செய்தார். அந்த நிபந்தனைக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது: பழைய பொருளைத் தொடாமல் வைத்திருப்பதுதான் அதைக் காப்பாற்றும் வழி. என் சண்டை அதோடு.

கார் 1988ஆம் வருடத்து மாஸ்டா ஆர்எக்ஸ்-7. இரண்டாம் தலைமுறை, ரசிகர்கள் எஃப்சி என்பார்கள். சுவிட்சைத் தட்டினால் ஹெட்லைட்டுகள் தவளைக் கண் மாதிரி எழுந்துகொள்ளும். இங்கே வட கரோலினாவில், ஓய்வுபெற்ற ஒருவரிடமிருந்து வாங்கினேன். பதினான்கு வருடம் கவர் போட்டு கராஜிலேயே வைத்திருந்தார். 61,000 மைல்தான் ஓடியிருந்தது. "இது மழையில் நனைந்ததே இல்லை" என்றார், பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல. உண்மைதான். சீட் கிழியவில்லை, டேஷ்போர்டில் ஒரு விரிசல் இல்லை. எஞ்சின் மட்டும் சுழலவில்லை.

ரோட்டரி எஞ்சினைத் தெரியாதவர்களுக்கு: சாதாரண எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். இதில் பிஸ்டனும் கிடையாது, வால்வும் கிடையாது. இடுப்பு லேசாக ஒடுங்கிய ஒரு முட்டைக் கூடு; அதற்குள் பக்கங்கள் புடைத்த ஒரு முக்கோணம் சுழல்கிறது. உறிஞ்சுவது, அழுத்துவது, எரிப்பது, வெளியே தள்ளுவது எல்லாமே அந்தச் சுழற்சியில் வரிசையாக நடந்துவிடும். என் காரில் இருக்கும் 13பி எஞ்சினில் இப்படி இரண்டு ரோட்டர்கள். ஒவ்வொன்றும் 654 சிசி, மொத்தம் 1308 சிசி. 146 குதிரைத்திறன்.

முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலும் 2 மி.மீ. தடிமனில் ஒரு சீல் இருக்கும். ஏபெக்ஸ் சீல். கூட்டின் குரோம் பூசிய உள்சுவரை அது உரசிக்கொண்டே ஓட வேண்டும். இந்த எஞ்சினின் உயிர் அந்த ஆறு சீல்களில்தான் இருக்கிறது. அவை தேயாமலிருக்க எஞ்சினே தன் ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக எரியும் அறைக்குள் விடும். ஆயில் குறைந்தால் பழுது என்று நினைக்காதீர்கள், அது அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்கு இது உடனே விளங்கும்.

எஞ்சினைக் கழற்றினேன். ஃப்ளைவீல் நட் 54 மி.மீ.; அதை அசைக்கவே ஒரு சனிக்கிழமை போனது. உள்ளே பார்த்தபோது வார்ப்பிரும்புத் தட்டுகளில் துரு. ஏபெக்ஸ் சீல்கள் தங்கள் பள்ளங்களிலேயே கரியோடு ஒட்டிக்கிடந்தன. குரோம் ஓரத்தில் உரிந்திருந்தது. கூலண்டைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள் காய்ந்து அப்பளமாகியிருந்தன. டேங்கிலிருந்த பெட்ரோலில் வார்னிஷ் வாடை.

இதில் எதுவும் ஓட்டித் தேய்ந்ததல்ல. எல்லாம் நிறுத்திவைத்ததால் வந்தது. அந்த மனிதர் காரைப் பதினான்கு வருடம் பாதுகாக்கவில்லை. பதினான்கு வருடம், மிகுந்த அன்போடு, கொன்றிருக்கிறார்.

இந்த எஞ்சினின் வரலாறே ஓட்டத்தின் வரலாறுதான். ஃபெலிக்ஸ் வாங்கெலின் யோசனையை ஜெர்மனியின் என்எஸ்யு நிறுவனம் 1957இல் முதன்முதலாக ஓடவைத்தது. 1967இல் அவர்கள் விட்ட ஆர்ஓ 80, அடுத்த வருடத்துக்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருதை வாங்கியது. ஆனால் வாங்கியவர்கள் ஓட்டத் தொடங்கியதும் சீல்கள் தேய்ந்தன. வாரண்டியில் எஞ்சின் எஞ்சினாக மாற்றிக் கொடுக்க வேண்டிவந்தது. 1969இல் அந்த நிறுவனம் ஃபோக்ஸ்வேகன் குடும்பத்துக்குள் போய்விட்டது. மாஸ்டாவிலும் அதே சிக்கல். சீல்கள் அதிர்ந்து கூட்டின் சுவரில் வரிவரியாகக் கோடு போட்டன. பிசாசின் நகக்கீறல் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கெனிச்சி யமமோட்டோவின் தலைமையில் 47 எஞ்சினியர்கள் திரும்பத் திரும்ப ஓட்டி, உடைத்து, சீலின் பொருளை மாற்றி, மறுபடி ஓட்டினார்கள். 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் வந்தது. மறுவருடமே அதை ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையில் 84 மணி நேரப் பந்தயத்துக்கு அனுப்பினார்கள். போன இரண்டு கார்களில் ஒன்று நின்றுபோனது, மற்றது நான்காவதாக வந்தது. 1991இல் நான்கு ரோட்டர் வைத்த 787பி லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. இருபது வருடம் கழித்து, 2011இல், அந்தக் காரை மறுபடி லே மான்ஸுக்கு எடுத்துப்போய் ஓட்டிக்காட்டினார்கள்.

செய்தவர்களே ஓட்டுகிறார்கள். வாங்கியவர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் பார்க்கிறார்கள்.

"மச்சி, இவ்ளோ காசு போட்டதுக்கு ஒரு நல்ல கேம்ரி வாங்கியிருக்கலாம்டா" என்கிற நண்பர்களை விட்டுவிடுகிறேன், அவர்கள் சொல்வது கணக்குப்படி சரி. எனக்கு எதிர்த்தரப்பு மூன்று பேர். முதலாமவர் சேகரிப்பாளர். மைல்மீட்டர் நகராத காருக்கு விலை அதிகம் என்பதால் நகர்த்தாமல் வைத்திருக்கிறார். அவரிடம் இருப்பது ஷேர் பத்திரம், அதற்கு நான்கு டயர் இருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாமவர், ரோட்டரியைப் பிடுங்கிவிட்டு வி8 எஞ்சினை இறக்குபவர். இவரை எனக்கு ஆபீஸிலிருந்தே தெரியும். பழைய கோட் புரியாதபோது "தூக்கிப் போட்டுட்டுப் புதுசா எழுதிடலாம்" என்று சொல்பவர் ஒவ்வொரு டீமிலும் உண்டு. புரிந்துகொள்ளும் உழைப்பிலிருந்து தப்பிக்கும் வழி அது. ஆனாலும் இவர்மீது எனக்கு மரியாதை உண்டு. அவர் வண்டி ஓடுகிறது.

மூன்றாமவர் டர்போ மேல் டர்போ ஏற்றி, ஒரு மாதம் பறந்து, சீல் உடைந்து, "ரோட்டரின்னாலே இப்படித்தான்" என்று பழிபோடுபவர். இவருக்கு வேண்டியது வேகம். நாளைக்கும் இந்த வண்டி வேண்டும் என்கிற எண்ணம் அவரிடம் இல்லை.

தினமும் ஓட்டுவது என்று முடிவெடுத்ததும் வேலைகளின் வரிசை தானாக மாறிவிடுகிறது. கண்காட்சிக்காரர் பெயிண்டிலிருந்து ஆரம்பிப்பார். நான் முப்பது வருடப் பழைய பெட்ரோல் ஹோஸ்களிலிருந்து ஆரம்பித்தேன். இந்த மாடலில் பெட்ரோல் குழாயிலிருக்கும் டேம்பர் கசிந்து சூடான எஞ்சின்மேல் சொட்டித் தீப்பிடிப்பது பிரசித்தம். முதலில் அது, பிறகு ரேடியேட்டர், பிறகு பிரேக். எஞ்சினுக்கு ஒரு பனிக்காலம் முழுக்கப் போனது. பானட்டில் பெயிண்ட் இன்னும் வெளுத்துத்தான் கிடக்கிறது. இருக்கட்டும்.

ஓட்டும்போதும் அது பாடம் நடத்தும். ஒருநாள் பக்கத்துவீட்டு லாரிக்கு வழிவிட, காரை ஸ்டார்ட் செய்து மூன்றடி நகர்த்தி உடனே அணைத்தேன். மறுநாள் காலை கிளம்பவில்லை. சூடாகாமல் அணைத்தால் உள்ளே பெட்ரோல் தேங்கிச் சீலிலிருக்கும் ஆயிலைக் கழுவிவிடும், அழுத்தம் போய்விடும். நாலு பிளக்கையும் கழற்றித் துடைத்துவிட்டு லேட்டாக ஆபீஸ் போனேன். இன்னொன்று: இந்த எஞ்சினில் வேகம் கூடினால் மட்டுமே திறக்கும் கூடுதல் காற்றுவழிகள் உண்டு. பயந்து பயந்து மெதுவாகவே ஓட்டினால் அவை கரி பிடித்து இறுகிவிடும். பொத்திப் பொத்தி வைப்பவனை இந்த எஞ்சின் தண்டிக்கும்.

எனக்கு எதிராகச் சொல்ல வேண்டியதையும் நானே சொல்லிவிடுகிறேன். இது பெட்ரோல் குடிக்கும். எனக்கு லிட்டருக்கு ஏழரை கிலோமீட்டர் கிடைக்கிறது. எரியும் அறை நீண்டு தட்டையாக இருப்பதால் பெட்ரோல் முழுசாக எரியாது, புகை அதிகம். 1973 எண்ணெய் நெருக்கடியில் மாஸ்டாவே மூழ்கப் பார்த்து, வங்கி வந்து தூக்கிவிட்டது. ஊரெல்லாம் ரோட்டரி ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பலர் வெட்டி எறியும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை நான் வைத்திருக்கிறேன். அதுவும் போதாது என்றால், காரை உடைத்து இரும்புக்குப் போடச் சொல்லுங்கள். அது நேர்மையான வாதம், நின்று பதில் சொல்வேன். ஓட்டாமலும் உடைக்காமலும் கவருக்குள் வைத்துக்கொண்டு "பாரம்பரியம்" என்று பேசுகிறவரிடம்தான் எனக்குப் பேச்சில்லை.

இதையெல்லாம் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா? இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அப்பாவிடம் 1989இல் வாங்கிய பஜாஜ் சேத்தக் இருந்தது. பங்க்கில் பெட்ரோலோடு ஆயில் கலந்து போடுவார்கள். எங்கும் போகாத நாளிலும் காலையில் அதை உதைத்துக் கொஞ்ச நேரம் ஓடவிடுவார். நான் சம்பாதிக்க ஆரம்பித்ததும் அவருக்குப் புது ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தேன். "அப்பா, பழசை இனிமே எடுக்காதீங்க, ஞாபகத்துக்கு வச்சுக்கலாம்" என்றேன். மாடிப்படிக்குக் கீழே நிறுத்தி நானே தார்ப்பாய் போர்த்தினேன். மூன்று வருடம் கழித்து லீவில் போனபோது எடுத்துப் பார்த்தேன். கிக்கர் இறங்கவே இல்லை. அடிப்பாகம் துருவில் பொரிந்திருந்தது. பழைய இரும்புக்காரர் எடை போட்டு எடுத்துப்போனார். அப்பா சண்டை போடவில்லை. "தினம் உதைச்சிருந்தா இருந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார். அந்த வாக்கியத்துக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

கடைசியில் சாதாரண பாலிசிதான் எடுத்தேன். பிரீமியம் அதிகம். யாராவது வந்து இடித்தால் முப்பது வருடத்துப் பழைய காருக்கு என்ன தருவார்களோ அதுதான் கிடைக்கும். தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன்.

இன்று காலை நல்ல மழை. எஞ்சின் சூடாகும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு ஹெட்லைட்டைத் தூக்கிவிட்டுக் கிளம்பினேன். கார் நனைந்தது.