காது கொடுத்துக் கேட்க ஓர் ஆள்



பள்ளிகள் திறந்தாயிற்று. புத்தகங்களுக்கு அட்டை போட்டு, சீருடை தைத்து, ஃபீஸ் கட்டி, ஒருவழியாக நீங்களும் மூச்சு விட்டிருப்பீர்கள். இந்த நேரத்தில் உங்களிடம் ஒரு கேள்வி: உங்கள் பிள்ளைக்கு மனசு சரியில்லை என்றால், அதைச் சொல்ல பள்ளியில் யார் இருக்கிறார்கள்?

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலை ஆனால் வயிற்று வலி. டாக்டரிடம் காட்டி, ஸ்கேனும் எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை. 'மட்டம் போட நாடகமாடுது' என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் அந்த வலி நிஜம். பதற்றம், பயம், வருத்தம் எல்லாம் குழந்தைகளுக்கு வார்த்தையில் வருவதற்கு முன்பே உடம்பில் வந்துவிடும். வயிற்று வலி, தலைவலி, தூக்கம் கெடுவது, சாப்பாட்டை ஒதுக்குவது, நன்றாகப் படித்த பிள்ளை திடீரென்று பின்தங்குவது என்று அது பல விதமாகத் தெரியும்.

பள்ளியில் நல்ல ஆலோசகர் ஒருவர் இருந்தால், இந்தப் பிள்ளையிடம் 'ஏன் ஸ்கூலுக்கு வர மாட்டேங்கிறே?' என்று ஆரம்பிக்க மாட்டார். மேஜைக்கு எதிரே நிற்க வைக்காமல், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்வார். தாளும் கிரேயானும் கொடுத்து வகுப்பறையை வரையச் சொல்வார். 'இதில் நீ எங்கே உட்காருவே? பக்கத்தில் யாரு?' என்று பேச்சு மெள்ள நகரும். முதல் நாளே எல்லாம் வந்துவிடாது. இரண்டாவது, மூன்றாவது சந்திப்பில், பள்ளி வேனின் பின்சீட்டில் தினமும் நடக்கும் கேலி வெளியே வரலாம். அப்படி வந்தால், அதற்கு மருந்து மாத்திரை எதுவும் வேண்டாம். வேனில் இடம் மாற்றுவது, கேலி செய்த பிள்ளைகளிடமும் அவர்கள் வீட்டாரிடமும் பேசுவது, வகுப்பாசிரியர் ஒரு கண் வைத்துக்கொள்வது ஆகியவையே பெரும்பாலும் போதும். கேட்க ஆளில்லாமல் போனால்தான் சின்ன விஷயம் முற்றிப்போகிறது.

உலகம் முழுவதும் 10 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் மனநலச் சிக்கலோடு இருக்கிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தக் கணக்கை ஒரு வகுப்பறைக்குள் வைத்துப் பார்த்தால் நம் பிள்ளைகளின் முகங்களே தெரியும்.

தமிழ்நாட்டில் எதுவுமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வுகளில் மாநில ரேங்க் அறிவிப்பதை 2017-ல் அரசு நிறுத்தியது. தேர்வில் தவறியவர்கள் ஒரு வருடத்தை இழக்காமல் உடனே எழுத துணைத் தேர்வு இருக்கிறது. பள்ளிக் கல்வி தொடர்பான சந்தேகங்களுக்கும் ஆலோசனைக்கும் 14417 என்ற எண் இருக்கிறது. ஊர் ஊராகப் போகும் நடமாடும் ஆலோசனை மைய வேன்களும் வந்தன. இவற்றால் பலன் கிடைத்திருக்கிறது. ஆனால் ஒருநாள் வந்து போகும் வேனில் இருப்பவரிடம் ஒரு குழந்தை தன் மனதைத் திறந்துவிடாது. பி.டி. மாஸ்டர் மாதிரி, தினமும் கண்ணில் படுகிற, பெயர் தெரிந்த ஒருவர் பள்ளியிலேயே இருக்க வேண்டும்.

உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொல்லியிருக்கிறது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சியில் இருந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலையில் அது நெறிமுறைகளை வகுத்தது. நூறு மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஓர் ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ நியமிக்க வேண்டும். அதைவிடச் சிறியவை வெளியில் இருக்கும் நிபுணர்களோடு தொடர்பு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். ஊழியர்கள் எல்லோருக்கும் வருடத்தில் இரண்டு முறையாவது பயிற்சி தர வேண்டும். மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைத் தனித்தனி பேட்ச்களாகப் பிரிக்கக் கூடாது.

'ஆலோசகரிடம் போனால் ஊருக்கே தெரிந்துவிடுமே' என்ற பயம் பல பெற்றோருக்கு இருக்கிறது. குழந்தை சொன்னதை ஆலோசகர் ஸ்டாஃப் ரூமில் பேசக் கூடாது. அது தொழில் தர்மம். ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் உரியவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். பாலியல் கொடுமை என்றால் போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆக வேண்டும். இந்த விதிவிலக்குகளை நல்ல ஆலோசகர் முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிடுவார்.

இன்னொரு பயமும் உண்டு. 'செத்துப் போகலாம்னு தோணுதா?' என்று நேரடியாகக் கேட்டால், இல்லாத நினைப்பை நாமே விதைத்துவிடுவோமோ என்று தயங்குகிறோம். அப்படி ஆகாது. அக்கறையோடு கேட்பது அந்தப் பாரத்தை இறக்கிவைக்கத்தான் உதவும். பதில் 'ஆமாம்' என்று வந்தால் திட்டாதீர்கள், புத்திமதி சொல்லாதீர்கள், பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். அரசின் டெலிமானஸ் எண்ணான 14416 இரவு பகல் எந்நேரமும் இலவசமாகக் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது. குழந்தைகளே உதவி கேட்டு அழைக்க 1098.

ஆகவே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது, ரேங்க் கார்டைப் புரட்டுவதற்கு முன் எழுந்து நின்று கேளுங்கள்: 'நம்ம ஸ்கூலில் ஆலோசகர் யாரு? எந்த நாளில் வர்றாங்க? பிள்ளைகளுக்கு அவங்களைத் தெரியுமா?' அரசுப் பள்ளியாக இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் இதைத் தீர்மானமாகவே வையுங்கள். ஒருவர் கேட்டால் தட்டிக்கழிக்கலாம். பத்துப் பெற்றோர் சேர்ந்து கேட்டால் நிர்வாகம் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். கிடைத்த பதிலை எங்களுக்கும் எழுதுங்கள். நல்ல ஏற்பாடு உள்ள பள்ளிகளைப் பற்றி மற்றவர்களும் தெரிந்துகொள்ள, வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்