அடுத்த கட்டில் என்ன வரும்?
சிறுவர்களை ஆட்டிவைக்கும் புதுச் சீட்டு!

"அப்பா, அடுத்த கட்டுல பழைய படமெல்லாம் திரும்ப வருதாமுங்க. இப்பவே ஒரு பெட்டி வாங்கி வெச்சா, பின்னால நல்ல விலைக்குப் போகுமுங்க!"

"யாரு சொன்னாங்க, கண்ணு?"

இப்படி ஒரு பேச்சு இன்று அன்னூரில் எந்த வீட்டிலும் நடக்கலாம். மழை வருமா, வாழைக்கு விலை கிடைக்குமா என்று ஊகம் செய்து பழகிய ஊர் அது. அந்த வீட்டுப் பிள்ளைகளும் ஊகம் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் ஊகம் சீட்டைப் பற்றியது!

அது என்ன சீட்டு?

பணம் வைத்து ஆடும் சீட்டு அல்ல இது. "போக்கிமான்" என்னும் கற்பனைப் பிராணிகளின் படம் போட்ட சீட்டு. ஒவ்வொரு பிராணிக்கும் தனிப் பெயரும் தனிப் பலமும் உண்டு. இரண்டு பேர் எதிர் எதிரே உட்கார்ந்து, ஆளுக்கு 60 சீட்டுகளை வைத்துக்கொண்டு ஆடுவார்கள்.

1996-ம் ஆண்டு ஜப்பான் நாட்டில் இது பிறந்தது. 1999-ல் அமெரிக்காவுக்குப் போனது. 2025 மார்ச் வரை அச்சான சீட்டுகள் 7,500 கோடிக்கும் மேல் என்று கம்பெனி கணக்குச் சொல்கிறது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இந்த ஆசை புதிது அல்ல. ஒரு காலத்தில் தீப்பெட்டிப் படம் சேர்த்தார்கள். 2000-க்குப் பிறகு, சிப்ஸ் பொட்டலத்துக்குள் போக்கிமான் வில்லைகள் வந்தன. பள்ளிக்கூட வாசலில் அவை கை மாறின. ஆசை பழையது. சீட்டுதான் புதியது.

துப்பறியும் ரசிகர்கள்

ஆண்டுதோறும் பல புதுக் கட்டுகள் வெளிவருகின்றன. ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு கரு உண்டு. கம்பெனி வாய் திறக்கும் முன்பே அந்தக் கருவைக் கண்டுபிடிக்க ரசிகர்கள் போட்டி போடுகிறார்கள்.

இதற்குத் துப்புகள் உண்டு. புதுப் பெயர்களைக் கம்பெனி ஜப்பானில் முன்னதாகப் பதிவு செய்யும். அந்தப் பதிவுகளை ரசிகர்கள் தேடிப் படிக்கிறார்கள். பெரும்பாலும் ஜப்பானியக் கட்டு முதலில் வரும். ஆங்கிலக் கட்டு சில வாரம், சில மாதம் கழித்து வரும். முதலாவதைப் பார்த்தால் இரண்டாவதை ஓரளவு சொல்லிவிடலாம்.

ஓர் உதாரணம். "மெகா" என்ற பெரும்பலம் கொண்ட பிராணிகள் சில ஆண்டுகளாகப் புதுச் சீட்டுகளில் வராமல் இருந்தன. 2024 பிப்ரவரி 27-ந் தேதி ஒரு புது வீடியோ விளையாட்டை அறிவித்தார்கள். அதன் விளம்பரத்தில் மெகா சின்னம் தெரிந்தது. "சீட்டிலும் மெகா திரும்பி வரும்!" என்றார்கள் ரசிகர்கள். அப்படியே நடந்தது. 2025 ஆகஸ்டில் ஜப்பானிலும், செப்டம்பர் 26-ந் தேதி ஆங்கிலத்திலும் மெகா கட்டு வெளிவந்தது.

இது ஜோசியம் அல்ல. படித்து, ஒப்பிட்டு, யோசித்துச் சொன்ன முடிவு. இந்தப் பழக்கம் பிள்ளைகளுக்கு நல்லதே.

ஆபத்து எங்கே?

கரு என்ன என்பதற்குத் துப்பு உண்டு. ஆனால் கடையில் இருக்கும் பொட்டலத்துக்குள் எந்தச் சீட்டு இருக்கிறது? அதற்குத் துப்பே கிடையாது! ஓர் ஆங்கிலப் பொட்டலத்தில் சுமார் 10 சீட்டுகள் இருக்கும். பெரும்பாலானவை சாதாரணம். அரிய சீட்டு எப்போதாவது வரும். அதைத் தேடிப் பொட்டலம் மேல் பொட்டலமாக உடைக்கத் தோன்றும்.

"நாளைக்கு விழும்" என்ற ஆசையில் வீட்டுப் பணம் கரைந்ததைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது. 2003-ல் லாட்டரிச் சீட்டு விற்பனைக்கு இங்கே தடை வந்தது. போக்கிமான் சீட்டு லாட்டரி அல்ல. ஆனால் பொட்டலம் உடைக்கும் ஆசைக்கும் லாட்டரி ஆசைக்கும் தூரம் அதிகம் இல்லை.

விலை பற்றிய ஊகமும் இப்படித்தான். 2021-ல் அமெரிக்காவைச் சேர்ந்த லோகன் பால் என்பவர் ஒரே ஒரு சீட்டை 52 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்கு வாங்கினார். உலகமே வாய் பிளந்தது! ஆனால் அந்தச் சீட்டு எந்தப் பொட்டலத்திலும் வந்தது அல்ல. ஜப்பானில் 1997, 1998-ல் நடந்த ஓவியப் போட்டிகளில் வென்றவர்களுக்குக் கொடுத்த பரிசு. நூறு பெட்டி வாங்கி உடைத்தாலும் அது கிடைக்காது.

அதே 2021 மே மாதம், அமெரிக்காவில் ஒரு கடை வாசலில் விளையாட்டு வீரர்களின் படம் போட்ட சீட்டுக்காக அடிதடி நடந்தது. "டார்கெட்" என்ற பெரிய கம்பெனி தன் கடைகளில் போக்கிமான் சீட்டு விற்பனையையும் சில காலம் நிறுத்தியது. குழந்தை விளையாட்டில் பெரியவர்களின் பண ஆசை புகுந்தால் இதுதான் கதி.

பெற்றோர் என்ன செய்யலாம்?

பிள்ளை ஊகம் சொன்னால் அதட்ட வேண்டாம். "என்ன துப்பு வைத்துச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள். அவன் விளக்கட்டும். கட்டு வெளிவந்ததும் சரியா, தவறா என்று இருவரும் பாருங்கள்.

வாங்கித் தருவதானால் மாதம் இவ்வளவுதான் என்று ஒரு தொகை வையுங்கள். பொட்டலம் பொட்டலமாக உடைப்பதைவிட, வேண்டிய ஒரு சீட்டைத் தனியாக வாங்குவது சிக்கனம். தங்க நிறத்தில் பளபளக்கும் போலிச் சீட்டுகள் கடைகளில் உலவுகின்றன. விளையாட அவை போதும். விலை போகும் என்று நம்பினால் ஏமாற்றம்தான்.

ஊகம் செய்ய மூளை போதும். பொட்டலம் உடைக்கப் பணம் வேண்டும். முன்னதற்கு வரம்பு தேவையில்லை. பின்னதற்கு வரம்பு அவசியம்.