மரம் பேசும் என்றார். உருவகம் என்று குறித்தேன்

பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் ரயில் பாதையில் ‘கோரமண்டல்’ என்றொரு நிலையம் உண்டு. சோழமண்டலக் கரையின் பெயரைத் தாங்கிய அந்த இடத்திலிருந்து கடல் 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. கடலற்ற இந்தக் கோலார் தங்கவயலில், வீட்டின் பின்புறத்தில், எட்டடி நீளமுள்ள துடுப்புப் படகு ஒன்றைச் செய்து முடித்தேன். ஆய்வேட்டை முடிக்காமல் தச்சுவேலை எதற்கு என்று கேட்ட நண்பர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இந்தப் பதிவு.

முதலில் செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறு மில்லிமீட்டர் தடிமனுள்ள மரைன் பிளைவுட் பலகைகளை வரைபடப்படி அறுக்க வேண்டும். ஓரங்களில் சாண் இடைவெளிக்கு ஒன்றாகச் சிறு துளைகள் இட்டு, செம்புக் கம்பியால் பலகைகளை ஒன்றோடொன்று தைக்க வேண்டும். தைத்ததும் படகின் உருவம் தானாக எழும். பிறகு மூட்டுகளில் எபாக்ஸிப் பசையும் மரத்தூளும் கலந்து பூசி, கண்ணாடியிழை நாடா ஒட்ட வேண்டும். 1960களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஜாக் ஹோல்ட், பேரி பக்னெல் ஆகியோர் வடிவமைத்த ‘மிரர்’ என்னும் சிறு பாய்ப்படகு இந்த முறையைப் பரவலாக்கியது. அவ்வகைப் படகுகள் 70,000க்கும் மேல் கட்டப்பட்டுள்ளன. பலவற்றைக் கட்டியவர்கள் தச்சர்கள் அல்லர், வீட்டிலிருந்த சாதாரண மக்கள்.

‘பலகையைத் தைத்துப் படகு செய்வது நம் முன்னோர் கண்ட முறையாயிற்றே’ என்று உடனே சொல்லத் தோன்றும். சென்னையில் துறைமுகம் அமைவதற்கு முன்பு, கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆட்களையும் சரக்கையும் ஏற்றி இறக்கிய மசூலாப் படகுகள் தேங்காய் நார்க் கயிற்றால் தைக்கப்பட்டவைதாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. என் படகில் தையல் தற்காலிகமானது. பசை இறுகியதும் கம்பிக்கு வேலை முடிந்தது. மசூலாவில் தையலே படகின் உயிர். அலை மோதும்போது பலகைகள் நெகிழ்ந்து கொடுக்க அதுவே இடமளித்தது. இவ்வேறுபாட்டைக் காணாமல் பெருமை பேசுவதால், மசூலாவைக் கட்டியவர்களின் நுண்ணறிவையே நாம் தவறவிடுகிறோம்.

என் கதைக்கு வருகிறேன். என் ஆய்வு, சுரங்கத்தின் அடியில் மரத்தாங்கல் நிறுத்திய தொழிலாளர்களைப் பற்றியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுடையது. பாறை வெடிப்புக்குப் பேர்போன அந்தச் சுரங்கங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வடார்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்தவர்களும் அவர்தம் வழித்தோன்றல்களும் ஆவர். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் சுரங்கங்களை மூடியது. அதன்பின் அவர்களுடைய திறமையைக் கேட்பார் எவருமில்லை.

அவர்களுள் ஒருவர் எங்கள் லைனிலேயே வசிக்கும் பெரியவர். நேர்காணலின்போது அவர், “மரம் பேசும் தம்பி” என்றார். நான் அதை எழுத்துப்படியில் ‘உருவகங்கள்’ என்னும் தலைப்பின்கீழ் சேர்த்தேன். நினைவின் கவித்துவம் குறித்து இரண்டு பக்கங்களும் எழுதினேன்.

படகின் பக்கப்பலகையை முன்முனைக்கு வளைத்துக்கொண்டிருந்த ஒரு மாலையில் அவர் வந்து நின்றார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் கை உயர்த்தி, “நிறுத்து, பேசுது” என்றார். கூர்ந்து கேட்டபோது இழைகள் விண்டுவிடும் மெல்லிய முனகல் புரிந்தது. கம்பியைத் தளர்த்தச் சொன்னார். பலகைமேல் துணி போர்த்தி வெந்நீர் ஊற்றச் சொன்னார். சிறிது நேரத்தில் பலகை இணங்கி வளைந்தது. பிறகு படகின் முன்னும் பின்னும் இரண்டு நேர்க்குச்சிகளைக் குறுக்கே வைத்து, தள்ளி நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்து, “முறுக்கு இருக்கு” என்றார். அளந்தேன், இருந்தது.

அன்றிரவு அந்த எழுத்துப்படியை மீண்டும் எடுத்தேன். மரத்தூண் முறிவதற்கு முன் ஒலி எழுப்பும். அதைக் கேட்டவர் விலகி உயிர் பிழைப்பார். அவர் எனக்குச் சொன்னது கவிதை அல்ல, பாதுகாப்பு விதி. நான் அதை அழகு என்று வகைப்படுத்தி, அறிவின் கணக்கிலிருந்து நீக்கியிருக்கிறேன்.

நேர்காணல் மட்டுமே போதும் என்னும் நம் ஆய்வுமுறை இங்கேதான் தோற்கிறது. கைத்தொழிலறிவைச் சொல்லாகக் கேட்கும்போது அது பழமொழி போல ஒலிக்கிறது. வேலையின் நடுவே கேட்டால் அதே சொல் அளவுகோலாகிறது. ‘இது அகவய அனுபவம், தரவாகாது’ என்று மறுப்போர் உண்டு. இரு குச்சிச் சோதனையை எவரும் திரும்பச் செய்து பார்க்கலாம். ஒலியைப் பதிவுசெய்து, முறிவோடு ஒப்பிட்டு, பெரியவர் சொன்னது பொய் என்றுகூட நிறுவலாம். சோதிக்கத்தக்க கூற்றைத் தரவாக ஏற்க நமக்கு என்ன தயக்கம்?

மூன்று வேண்டுகோள்கள். உழைப்பு வரலாற்றை ஆய்வோர் அத்தொழிலின் ஒரு சிறு பகுதியையேனும் தம் கையால் செய்து பார்க்க வேண்டும். செய்த பொருளையும் அதன் அளவுக் குறிப்புகளையும் ஆய்வேட்டின் பின்னிணைப்பாகப் பல்கலைக்கழகங்கள் ஏற்க வேண்டும். கற்றுத்தந்தவர் விரும்பினால், ‘தகவலாளி 7’ என்று சுருக்காமல், நூலாசிரியருக்கு நிகராக அவரை மேற்கோள் காட்ட வேண்டும். இவை தள்ளிப்போடத்தக்கவை அல்ல. சுரங்கம் மூடியபோது ஐம்பதை எட்டியிருந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டார்கள்.

படகை நண்பரின் தோட்டத்துக் குளத்தில், மிதவைச் சட்டை அணிந்து இறக்கினேன். மிதந்தது. பின்மூலையில் மட்டும் சற்றே நீர் கசிந்தது. பெரியவர் வராத நாளில் நான் தனியாக ஒட்டிய மூட்டு அது. ஆய்வேட்டில் அந்த இரண்டு பக்கங்களையும் நீக்கிவிட்டேன். அந்த இயலை அவரோடு அமர்ந்து மீண்டும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.