படத்துக்கு ஒரு டிஃபால்ட்

எங்கள் தமிழ்ப் பள்ளிக்கு விண்டோஸ் ஃபார்ம்ஸில் வருகைப் பதிவு எழுதினேன். புகைப்படம் தராத பிள்ளைக்குச் சாம்பல் நிற உருவம் ஒன்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு யூசர் கண்ட்ரோல். பிறகு அந்தப் படத்தை மாற்றினேன். எல்லா ஃபார்மிலும் பழையதே நின்றது! டிசைனர் ஒவ்வொரு ஃபார்மின் ரெஸ்எக்ஸ் கோப்பிலும் அதை நகலெடுத்து வைத்திருந்தது.

'டிஃபால்ட்வேல்யூ' என்ற பெயரே ஏமாற்று என்பேன். அது மதிப்பை அமைக்காது. எதைச் சேமிக்கத் தேவையில்லை என்று டிசைனருக்குச் சொல்லும், அவ்வளவுதான். அதுவும் மாறிலிகளுக்கு மட்டும். படம் மாறிலி இல்லையே.

ஆகவே, பண்பின் பெயருக்கு முன்னால் 'ஷுட்சீரியலைஸ்', 'ரீசெட்' சேர்த்து இரண்டு மெத்தட் எழுதுங்கள். படத்தை ஸ்டாட்டிக் ஃபீல்டில் வைத்து ஒப்பிடுங்கள். ரிசோர்ஸிடம் கேட்டால் ஒவ்வொரு முறையும் புது ஆப்ஜெக்ட்தான் தரும் (இதில் எனக்கு ஒரு சனிக்கிழமை போனது). பழைய ஃபார்ம்களில் ஒவ்வொன்றாக ரீசெட் அழுத்தினேன், 14 தடவை.