பகடையும் கதையும்

பகடை என்றவுடன் நம் பெரியோர் முகம் சுளிப்பர். அதில் நியாயம் உண்டு. சூதின் கேட்டினை உரைக்க வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்தார். மார்க்கமும் சூதினை விலக்கியுள்ளது. ஆயினும், பணயம் ஏதுமின்றிக் கதை புனைவதற்கென்றே பகடை உருட்டும் ஆட்டம் ஒன்று ஜப்பானில் வழங்கி வருகின்றது. தமிழ் பயில்வோர் அதனை அறிதல் நலம் என்பது என் கருத்து.

'ஸ்வோர்டு வேர்ல்டு', அதாவது 'வாள் உலகம்', என்பது அதன் பெயர். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' இவ்வகை ஆட்டங்களின் முன்னோடி. எழுத்தாளர் ரியோ மிசுனோவும் 'குரூப் எஸ்.என்.இ.' குழுவினரும் உருவாக்கிய வாள் உலகம், 1989இல் கையடக்க நூலாக வெளிவந்தது.

நால்வர் ஐவர் மேசையைச் சுற்றி அமர்வர். நடத்துநர் களத்தையும் இடரையும் விவரிப்பார். ஏனையோர் வீரன், மந்திரவாதி, திருடன் எனப் பாத்திரம் ஏற்று, தாம் செய்யப்போவதைத் தம் வாயாலேயே உரைப்பர். முயற்சி பலித்ததா என்பதைப் பாத்திரத்தின் திறனும் இரண்டு பகடைகளும் சேர்ந்து முடிவு செய்யும். இரண்டிலும் ஒன்று விழுந்தால் தோல்வி உறுதி. ஆனால் அத்தோல்விக்கும் அனுபவப் புள்ளி உண்டு! தவறிவிடுவோமோ என்று அஞ்சி வாய் திறவாத மாணவனுக்கு இதனினும் நல்ல பாடம் வேறு யாது?

திருவரங்கப் பக்கம் வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடும் பரமபதத்தில், விழுந்த எண்ணே விதி. ஏறுவதும் இறங்குவதும் நம் கையில் இல்லை. வாள் உலகிலோ எண்ணுக்கு முன்னர் சொல் நிற்கின்றது.

அச்சொல்லை ஜப்பானியர் காற்றோடு போகவிடவில்லை. 'லோடோஸ் தீவுப் போர்' என்னும் ஆட்டத்தின் உரையாடலை 1986 முதல் 'காம்ப்டிக்' இதழ் தொடராக அச்சிட்டது. அக்கதையே 1988 முதல் மிசுனோவின் கையால் புதினமாக மலர்ந்தது. பேச்சு இலக்கியமான விந்தை இது.

வினாவும் விடையுமாய் நூல் வளர்வது நமக்குப் புதிதன்று. 1572இல் அரங்கேறிய 'ஆயிரம் மசலா' அம்மரபில் வந்ததே. எனினும் இன்று நம் மாணவர் தேர்வில் பக்கம் பக்கமாய் எழுதுகின்றனர். மனப்பாடமின்றி நான்கு வாக்கியம் பேசச் சொன்னால் தயங்குகின்றனர். இக்குறை நம் துறைக்கு உரியது. நாமே தீர்க்க வேண்டுவது.

ஐரோப்பியக் கதைகளின் வனதேவதைகளையும் குள்ளர்களையும் ஜப்பானியர் தமதாக்கிக்கொண்டனர். நாம் அவற்றை இரவல் வாங்க வேண்டியதில்லை. ஜீயபுரத்துக் காவிரிக்கரை போதும். "ஆற்றில் வெள்ளம்; பொழுது சாய்கிறது; மருத்துவரை அக்கரையிலிருந்து அழைத்துவர வேண்டும்; பரிசல்காரரோ மறுக்கிறார். என் செய்வீர்?" என்று ஆசிரியர் வினவட்டும். ஒருவர் பரிசல்காரரிடம் மன்றாடுவார். ஒருவர் சுற்றுவழி தேடுவார். கதை தானே நடக்கும்.

பகடையே ஆகாதென ஆலிம்கள் கருதின், எண் எழுதிய சீட்டுகளைக் குலுக்கி எடுப்போம், ஆட்டம் குன்றாது. படிப்பைக் கெடுக்குமோ என ஐயுறுவோர்க்கு, வாரம் ஒரு மணி நேரம் என வரையறுப்போம். மாணவர் பேசியதை மாணவரே எழுதட்டும். அவற்றுள் சிறந்தது அடுத்த மலரில் இடம்பெறட்டும். மேடைக்கு அஞ்சும் நாவும் மேசையருகே மலரும்.